வயல் பாட்டு என்று நான் சொன்ன மெட்டு

பாட்டுக் குழுவை இனி நீங்கள் மூன்று பேரும் பார்க்கப் போகிறீர்கள். நான் போகமுன் ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். எனக்கு எழுத்து வராது. இருபத்தாறு வருடம் பாண் சுடுகிற தொழிற்சாலையில் நின்றவன். அங்கே நான் எழுதியது என் பெயரையும் வந்த நேரத்தையும்தான். ஆனாலும் கேட்டுவிட்டீர்கள்.

ஒரு மெட்டை எப்படி மூன்று நாலு குரலாகப் பிரிப்பது என்று நான் சொல்லத் தேவையில்லை. உங்களில் ஒருவர் அதற்கென்றே ஐந்து வருடம் படித்தவர். நான் ஐந்து நிமிடத்தில் பிழையாகச் செய்கிறதை அவர் ஐந்து நாளில் சரியாகச் செய்வார். சென்னையிலிருந்து வந்த தம்பி என்னை 'சார்' என்று கூப்பிடுவதை நிறுத்தினால் அதுவே எனக்குப் பெரிய உதவி. திரும்பிப் பார்த்து யாரைக் கூப்பிடுகிறார் என்று தேட வேண்டியிருக்கிறது.

பிழைகளைச் சொல்கிறேன். அதில்தான் எனக்கு அனுபவம் அதிகம்.

முதல் வருடத்துப் பிழை சின்னது. எல்லாருக்கும் எல்லா இடத்திலும் பாட வரி கொடுத்தேன். எங்கள் ஆட்களை உங்களுக்குத் தெரியும். ஒருவருக்கு இரண்டு வரி குறைந்தால் அன்று பின்னேரமே வீட்டுக்காரர் ஃபோன் எடுப்பார். 'மனிசிக்குத் தொண்டை சரியில்லை எண்டோ நினைக்கிறியள்?' அதற்குப் பயந்து இருபது பேரையும் தொடக்கம் முதல் முடிவு வரை பாட வைத்தேன். இங்கே பக்கத்தில் ஸ்டோவ்னரில் ஒரு நோர்வேப் பாட்டுக் குழு இருந்தது. அதை நடத்தியவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. பெயர் போட்டால் கோபிப்பார், ஆசிரியை என்றே சொல்கிறேன். எங்கள் பாட்டைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்தப் பாட்டில் யார் கேட்கிறார்கள்?"

எனக்கு விளங்க ஒரு கிழமை எடுத்தது. பிறகு சிலரை நிறுத்தி வைக்கப் பழகினேன். ஃபோன்களும் வந்தன. பதில் சொல்லப் பழகினேன்.

பெரிய பிழை அதற்குப் பல வருடம் கழித்து. அந்தக் குளிர்காலம் பனி நவம்பரிலேயே விழுந்து, போகாமல் கிடந்தது. தை மாதக் கடைசியில் இரண்டு குழுவும் சேர்ந்து ஒரு நிகழ்ச்சி செய்வதென்று முடிவானது. மெழுகுவர்த்தி மட்டும் கொளுத்தி, மற்ற விளக்கெல்லாம் அணைத்து. ஆசிரியை என்னிடம் கேட்டார்: "உங்கள் நாட்டுப்பாட்டு ஒன்று கொண்டு வா. மெதுவானது. இருட்டுக்குப் பொருந்துவது." அவருடைய மொழியில் எல்லாரும் 'நீ'தான். மன்னருக்கும் அதுவோ தெரியாது, எனக்கு அதுதான்.

ஊஞ்சல் பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டினேன். "இது வெயில் பாட்டு" என்றார். தோணிப் பாட்டு பாடினேன். "இதுவும் வெயில். உங்களிடம் இருட்டே இல்லையா?"

ரோசம் வந்துவிட்டது. எங்களிடம் இல்லாத இருட்டா?

அடுத்த நாள் எங்கள் கட்டட வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தேன். வாய் தன்பாட்டில் எதையோ முனகியது. அரைவாசிப் பாதை வழித்த பிறகுதான் அது என்ன என்று பிடிபட்டது. ஒப்பாரி. சின்ன வயதில் செத்தவீடுகளில் கேட்டது. நல்ல மெட்டு, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஊரில் அதை நல்லது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த நேரம் மெட்டைக் கவனிக்கிற நிலையில் அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

யோசித்தேன். சொல்லை எடுத்துவிட்டு வெறும் 'ஆ' என்று பாடினால் ஒப்பாரி இல்லை, மெட்டு மட்டும்தான். குழுவில் பாதி இங்கே பிறந்த பிள்ளைகள். யாருக்குத் தெரியப்போகிறது?

குழுவில் கேட்டார்கள், "இது என்ன பாட்டு அண்ணை?"

"வயல் பாட்டு" என்றேன். யோசிக்காமல் வந்தது.

எனக்கு இசைக் குறிப்பு வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு குரலையும் வாயால் பாடி ஃபோனில் பதிந்து, அந்தந்த ஆட்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். மெட்டை ஆசிரியையின் ஆட்களுக்குக் கொடுத்தேன். நாற்பது பேர், பெரும்பாலும் பெண்கள், நல்ல உயர்ந்த குரல். எங்கள் ஆட்களுக்கு நடுக்குரலும் கீழ்க்குரலும். அதில் மெட்டே இல்லை. நீண்ட சுரங்கள் மூன்று, ஏறி இறங்கும். அவ்வளவுதான்.

நடுக்குரலுக்கு வசந்திதான் தூண். அவர் நின்றால் பக்கத்தில் நிற்கிற ஐந்து பேரும் சரியாகப் பாடுவார்கள். பதிவைக் கேட்டுவிட்டு எனக்கு எழுதியிருந்தார்: 'அண்ணை, இது பாட்டோ, வாஷிங் மெஷின் சத்தமோ?' இருந்தாலும் பாடமாக்கினார். அவருடைய கணவன் சிவம் கீழ்க்குரல். சிவம் எனக்கு முப்பது வருடக் கூட்டாளி. குரல் பரவாயில்லை. வாய்தான் நிற்காது.

பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போது சிவத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. நெஞ்சைத் திறந்து செய்கிற சத்திரசிகிச்சை. திகதி பார்த்தால் எங்கள் நிகழ்ச்சிக்கு முதல்நாள், வெள்ளிக்கிழமை. வசந்தி சொன்னார், "நான் பயிற்சிக்கு வருவன் அண்ணை. வீட்டிலை இருந்தா விசர் பிடிச்சிடும்."

அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாற்பது பேர் பாடமாக்கிவிட்டார்கள், நிகழ்ச்சி நிரல் அச்சடித்தாயிற்று, சொல்லே இல்லாத மெட்டுத்தானே என்று எனக்கு நானே மூன்று காரணம் சொன்னேன். பிள்ளைகளே, ஒரு விசயத்துக்கு உங்களிடம் மூன்று காரணம் இருந்தால் ஒன்றும் சரியில்லை என்று அர்த்தம். சரியான காரணம் தனியாகத்தான் வரும்.

நிகழ்ச்சிக்கு ஆறு நாள் இருக்கும்போது இரண்டு குழுவும் முதல்முறை சேர்ந்து பாடினோம். ஞாயிறு பின்னேரம், பள்ளிக்கூட மண்டபம். எங்கள் ஆட்கள் நீண்ட சுரத்தைப் பிடித்தார்கள். அதற்கு மேலே நாற்பது பேரும் மெட்டைத் தொடங்கினார்கள். எங்கள் ஆட்கள் மெட்டை முழுதாகக் கேட்பது அதுதான் முதல்முறை. நன்றாக இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இரண்டாம் அடியில் நடுக்குரல் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தேன். வசந்தி பாட்டுத்தாள் கோப்பை மூடிக் கையில் வைத்திருந்தார். மேலே பாடினவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"அண்ணை, இதெந்த வயல்?"

தூக்கிய கையை இறக்கினேன்.

"என்ரை மனிசன் வெள்ளிக்கிழமை மேசையிலை கிடக்கப் போறார். சனிக்கிழமை நான் இஞ்சை நிண்டு இதைப் பாடுறதோ?"

சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் பின்னால் ஓடினேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பஸ் தரிப்பில் நின்றார். பக்கத்தில் போய் நின்றேன்.

"மன்னிச்சுக்கொள்ளும் வசந்தி."

"ஓம்."

அதோடு கதை முடிந்தது. ஆனால் பஸ் வரவில்லை. நேரப் பலகையில் ஐந்து நிமிடம் என்று போட்டிருந்தது. அரை மணித்தியாலமாக ஐந்து நிமிடம் என்றே போட்டிருந்தது. அன்றைக்கு அந்த இடத்தில் பொய் சொன்னது பலகையும் நானும்தான். மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒருவருக்குப் பக்கத்தில் அரை மணித்தியாலம் பேசாமல் நின்று பாருங்கள். அதுவும் தொப்பி இல்லாமல்.

கடைசியில் அவரே கதைத்தார். "திகதி உங்களுக்குத் தெரியும்தானே."

"தெரியும்."

"தெரிஞ்சும்."

"ஓம்."

பஸ் வந்தது. ஏறமுன் திரும்பிப் பார்த்தார். "நீங்கள் ஏறாதேங்கோ. காதெல்லாம் சிவந்து போச்சு. உள்ளுக்கை போங்கோ."

அடுத்த நாள் சிவத்தின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனதாக வெளியில் சொன்னேன். உண்மையில் அனுமதி வாங்கத்தான் போனேன். சிவத்தை எனக்குத் தெரியும். அவன் ஒன்றுக்கும் பயப்படாதவன். அவன் 'பாடு' என்றால் வசந்தியும் இறங்கி வருவார், ஐந்து நாளில் புதுப் பாட்டுத் தேடுகிற தலையிடி எனக்கு இல்லை என்று நினைத்தேன்.

கதவைத் திறந்ததும் சிவம் சிரிக்கத் தொடங்கிவிட்டான்.

"வா மச்சான். நான் போகமுன்னமே ஒப்பாரி வைச்சிட்டியாம். பொறுக்க ஏலாமல் போச்சோ?"

"விடடா."

"என்னத்தை விடுறது? எத்தினை பேருக்கு இந்தக் குடுப்பினை? நாப்பது வெள்ளைக்காரர் நிண்டு அழுகினம். ஊரிலை எங்கடை சேர்மனுக்குக்கூட இப்பிடி நடக்கேல்லை. அதைத்தான் பாடவேணும், மாத்தாதை. நான் சொல்லுறன்."

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போயிருக்கலாம்.

குசினியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. வசந்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"இவருக்குப் பகிடி. ஊசியைப் போட்டுக் கிடத்தினாப் பிறகு இவருக்கு ஒண்டும் தெரியப்போறேல்லை. வெளியிலை கதிரையிலை இருக்கப்போறது நான்."

சிவம் சிரிப்பை நிறுத்தினான். அவன் வாய் மூடி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

கட்டிலில் கிடக்கிறவன் பகிடி விடலாம். அது அவனுடைய உரிமை. ஆனால் அந்தப் பாட்டைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியவர் வெளியே கதிரையில் காத்திருக்கிறவர். நான் பிழையான ஆளிடம் கேட்டிருக்கிறேன். "மாத்திறன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அங்கிருந்து நேராக ஆசிரியை வீட்டுக்குப் போனேன். பூட்ஸைக் கழற்றமுன்பே எல்லாவற்றையும் சொன்னேன். அது என்ன பாட்டு, யாருக்குப் பாடுவது, யாருடைய நெஞ்சு, எந்த நாள்.

"முதலிலேயே ஏன் எனக்குச் சொல்லவில்லை?"

"சொன்னால் வேண்டாம் என்றிருப்பீர்கள்."

"இல்லை. உன் குழுவில் யார் வீட்டில் நோய் என்று கேட்டிருப்பேன்."

பிறகு நிரலை எடுத்து, பென்சிலால் அந்த வரியை வெட்டினார். நான் சொன்னேன், "நாற்பது பேர் பாடமாக்கிவிட்டார்களே."

"நாற்பது பேரும் மறப்பார்கள். எங்கள் வயதைப் பார். மறப்பதில்தான் நாங்கள் கெட்டிக்காரர்."

மெட்டைத் தூக்கி எறிந்தோம். கீழே எங்கள் ஆட்கள் பாடமாக்கிய நீண்ட சுரங்களில் குற்றமில்லை, அதில் சாவும் இல்லை, ஒன்றும் இல்லை. வாஷிங் மெஷின்தானே. அதை வைத்துக்கொள்வது, மேலே வேறு ஏதாவது ஏற்றுவது. என் சுரங்களைப் பாடச் சொன்னார். நான் பாடப் பாட அவர் மேலே ஒவ்வொன்றாகப் பாடிப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. பிறகு தன் ஊர் மலையில் பெண்கள் மாட்டைக் கூப்பிடுகிற ஒரு கூவலை எடுத்தார். கோடையில் மாடுகள் தூரத்தில் மேயும். பொழுதுபடும்போது அவற்றைப் பட்டிக்கு அழைக்கிற பாட்டு. நீளமாகப் போய், மேலே நின்று, இறங்கி வரும். அது ஒட்டியது. ஒரு இடத்தில் மட்டும் உரசியது. அங்கே என் சுரத்தை மாற்றினேன். அவருடைய மாட்டை மாற்ற முடியாது.

புதன்கிழமை குழுவைக் கூப்பிட்டேன். வசந்தியும் வந்தார், பின்வரிசையில் ஜாக்கெட்டோடு இருந்தார். எழும்பி நின்று சொன்னேன்.

"அது வயல் பாட்டில்லை. ஒப்பாரி. நான் பொய் சொன்னனான்."

தொடர்ந்து சொன்னேன், "இப்ப மேலை அவை பாடப்போறது மாடு கூப்பிடுற பாட்டு. உங்கடை பகுதி அப்பிடியேதான். ஒரு சுரம் மட்டும் மாறுது."

கீழ்க்குரலில் இருந்து ஒருவர் கேட்டார், "அப்ப நாங்கள் ஆர் அண்ணை, மாடோ?"

சிரித்தார்கள். வசந்தி சிரிக்கவில்லை. "மாடு பரவாயில்லை" என்றார். "கூப்பிட்டா வீட்டை வரும்." பாட்டுத்தாள் கோப்பைத் திறந்தார்.

வெள்ளிக்கிழமை சிவத்தைக் கொண்டுபோனார்கள். சனிக்கிழமை காலை வசந்தி ஃபோன் எடுத்தார். இரத்தம் நிற்கவில்லையாம், இரண்டாம் தரமும் திறந்தார்களாம். இன்னும் மயக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். பின்னேரம்போல் எழுப்பிப் பார்ப்பார்களாம்.

"நீர் வரவேண்டாம்" என்றேன்.

"அங்கை இருந்தாலும் வாசல்லைதான் இருப்பன். பிள்ளையள் நிக்கினம். எனக்கு அந்தச் சுவரைப் பாக்க ஏலாது."

ஐந்தரைக்கு நன்றாக இருட்டிவிட்டது. மண்டபம் நிறைந்திருந்தது, எல்லாரும் ஈர பூட்ஸோடு. மேடை ஏறமுன் நான் ஒரு கூடையைக் கொண்டுபோவேன், எல்லாரும் ஃபோனை அதில் போட வேண்டும். அது என் சட்டம். நீங்களும் அதைப் பார்த்துச் சலித்திருக்கிறீர்கள். வசந்தியிடம் போனேன். அவர் ஃபோனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். என்னைப் பார்த்தார். கூடையை அடுத்த ஆளிடம் நீட்டினேன்.

அந்தப் பாட்டுக்கு நான்தான் கை காட்டினேன். எங்கள் ஆட்கள் சுரத்தைப் பிடித்தார்கள். மேலே கூவல் போனது. முடிய இரண்டு அடி இருக்கும்போது வசந்தியின் கையில் வெளிச்சம் தெரிந்தது. ஃபோனைப் பார்த்தார். வரிசையை விட்டு இறங்கி, பக்கக் கதவால் வெளியே போனார். கதவு மூடியது.

நடுக்குரல் ஆடியது. எனக்கு இருந்தது இரண்டு அடி. பாட்டு முடிந்தால் கைதட்டுவார்கள். அவர் எந்தச் செய்தியோடு அந்தக் கதவைத் திறந்தாலும், கைதட்டலுக்குள் வந்து நிற்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. வேறொன்றும் யோசிக்கவில்லை.

விரலைச் சுற்றிக் காட்டினேன். திரும்ப.

மேல்வரிசையில் நின்ற ஆசிரியை புருவத்தைத் தூக்கினார். பிறகு காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். கூவலை முதலிலிருந்து அவரே எடுத்தார். மற்ற முப்பத்தொன்பது பேரும் பின்னால் போனார்கள். கதவு திறக்கவில்லை. திரும்பவும் விரலைச் சுற்றினேன். நடுக்குரலில் மற்ற ஐந்து பேரும் தூண் இல்லாமலே நிமிர்ந்துவிட்டார்கள். அதையும் கவனித்தேன்.

மூன்றாம் தரம் கூவல் மேலே போய் நிற்கும்போது கதவு திறந்தது. வசந்தியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவசரப்படாமல் நடந்து வந்து தன் இடத்தில் ஏறினார். மூச்சை எடுத்துச் சுரத்தைப் பிடித்தார். நான் பாட்டை முடியவிட்டேன்.

பிறகு ஜாக்கெட் கொழுவுகிற இடத்தில் கண்டேன்.

"கண் முழிச்சிட்டாராம்" என்றார்.

"ஓம்" என்றேன்.

கேட்க வந்த ஆட்கள், திரும்பத் திரும்பக் கூப்பிட்ட அந்த இடம்தான் நல்ல யோசனை என்று எனக்குக் கை கொடுத்தார்கள். உங்கள் தாளில் அந்த இடத்தில் 'மூன்று தரம்' என்று போட்டிருப்பது அதனால்தான். உங்களில் படித்தவர் போன மாதம் சொன்னார், இசைப்படி இரண்டு போதும் என்று. சரிதான். அன்றைக்கு மூன்று தேவைப்பட்டது. நீங்கள் இரண்டாக்குங்கள். ஆனால் பாடுகிறவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு ஆக்குங்கள்.

ஞாயிறு வசந்தி ஃபோன் எடுத்தார்.

"கதைக்கத் தொடங்கினதும் கேட்டவர், 'அவன் ஒப்பாரியைப் பாடினவனோ?' எண்டு."

"என்ன சொன்னனீர்?"

"இல்லை, மாடு கூப்பிட்டவையள் எண்டனான். சிரிக்க வெளிக்கிட்டவர். நெஞ்சு தைச்சுக் கிடக்கு, சிரிச்சா உயிர் போற நோ. நேர்ஸ் ஓடி வந்திட்டா." பிறகு, "அண்ணை, ஆறு கிழமைக்கு நீங்கள் எங்கடை வீட்டுப் பக்கம் வரக்கூடாது. உங்கடை முகத்தைக் கண்டாலே சிரிப்பார்."

போகவில்லை. சனிக்கிழமைகளில் உப்புக் குறைத்து மீன்குழம்பு வைத்து, பையை அவர்கள் கதவுப்பிடியில் கொழுவி, மணியை அடித்துவிட்டு, லிஃப்டுக்கு நிற்காமல் படியால் இறங்கி ஓடினேன். ஏழு மாடி. ஆறு கிழமை.